மேல் வரிசை, இடது முன்பல்

டவுட்டனில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
நாள் முழுக்க அடுத்தவர் பல்லைச் செதுக்குகிறேன்,
காதில் ஹெட்போன்.
அலமாரியில் நாற்பது பிளாஸ்டர் தாடைகள்
வாயைப் பிளந்தபடி.
ஒன்றுகூட இதுவரை என்னை மறுத்துப் பேசியதில்லை.
அதனால் எனக்குக் கருத்துகள் அதிகம்.

ராப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.
வரியின் வாலில் மட்டும் ஓசையை ஒட்டிவிட்டு
கைதட்டலுக்குக் காத்திருப்பவனை நம்பாதீர்கள்.
புளியந்தோப்பு எம்.சி. கந்தகத்தைக் கேளுங்கள்.
யாப்பு என்றால் முறைப்பான்,
ஆனால் இரண்டாம் எழுத்தில் ஆணி அடிக்கிறான்:
கட்டடம், பட்டறை, எட்டணா
மூச்சுவிட இடமில்லாமல்.
துப்பாக்கி வரும் வரிகளில் அவன் பொய்யன்.
வட்டி கட்டும் வரிகளில் சத்தியவான்.
அவனுக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று இல்லை,
‘ழ’ சொல்லும்போது தெரிகிறது.
“எல்லாம் தாளத்தோட திட்றதுதானே” என்றான் ஜெயசிங்.
இரண்டு நாள் அவனோடு டீக்குப் போகவில்லை.

சீரியலைக் கேலி செய்பவர்களோடும் சண்டைதான்.
ஒரு அறை விழுந்தால்
ஏழு முகங்களைக் காட்டுகிறார்களாம்.
எங்கள் வீட்டில் ஒரு அறை விழுந்த அன்று
நானும் ஏழு முகங்களைத்தான் பார்த்தேன்.
ஒவ்வொன்றாக. மூன்று தடவை.

பாட்டுப் போட்டி நடுவர்களைத்தான் தாங்க முடிவதில்லை.
பல்லவி முடியுமுன் அழுதுவிடுகிறார்கள்,
சரணத்துக்கு ஒரு சொட்டு மிச்சமில்லை.
வெப் சீரிஸ் எட்டு பாகம். ஐந்து போதும்.
மீதி மூன்றில் யாரோ காரில் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

பாட்காஸ்ட் என்பது பெரும்பாலும்
இரண்டு பேர் தங்களுக்குள் சிரித்துக்கொள்வது,
நடுவில் மெத்தை விளம்பரம்.
தஸ்னீம் அப்படியில்லை. தனியாள்.
வியாழன்தோறும்
யாரும் பார்க்காத மத்தியானத் தொடர்களைப் பற்றி
யாரும் கேட்காத நாற்பது நிமிடம்.
பின்னால் குக்கர் விசில்.
அவள் ‘ச’வில் இன்னொரு விசில்.
சொத்து, சம்மந்தி, சூழ்ச்சி
எல்லாவற்றிலும் ஓர் இழைக் காற்று.
தொடர்களுக்காகக் கேட்கிறேன் என்றுதான்
ஜெயசிங்கிடம் சொல்லியிருந்தேன்.

போன மாதம் கெல்லீஸ் கிளினிக்கிலிருந்து ஒரு டப்பா.
சீட்டில்: மேல் வரிசை, இடது முன்பல்,
ஓரம் உடைந்தது. நிறம் ஏ-டூ. ஜிர்கோனியா.
பெயர், தஸ்னீம்.

ஊரில் எத்தனையோ தஸ்னீம்கள்.
அச்சை விளக்கடியில் திருப்பினேன்.
குருணையளவு இடைவெளி.
அதன் வழியே மெல்ல ஊதினேன்.
பிளாஸ்டர் தூள்தான் பறந்தது.

ஒரு மயிரிழை விட்டுவைக்கலாம்.
டாக்டருக்குத் தெரியாது. அவளுக்கும்.
“நாளைக்கு டெலிவரி” என்று கத்தினான் ஜெயசிங்.

முழுசாகத்தான் செய்தேன்.
இந்த வருஷம் நான் செய்ததில்
அதைவிட நல்ல பல் இல்லை.

அடுத்த இரண்டு வியாழன் அவள் பேசவில்லை.
மூன்றாவதில் வந்தாள்.
சொத்து, வெறும் சொத்து.
சம்மந்தி, வெறும் சம்மந்தி.
நடுவில் நீளமாகச் சிரித்தாள்,
கையால் வாயைப் பொத்தாத சிரிப்பு.
அதெல்லாம் காதுக்குத் தெரியும்.

“எப்படியிருக்கு உன் பாட்காஸ்ட்?” என்றான் ஜெயசிங்.

“முன்ன மாதிரி இல்ல” என்றேன்,
எல்லா ரசிகனையும்போல.