பரவாயில்லை என்பதற்கு என்ன இலக்கம்

பதினாறு வருடம் அவருக்கு நான் சாரதி.
முதல் ஏழும் கிரவல் வீதி.
மிச்சம் ஏ ஒன்பது.
ஒரு மனிசியின் உத்தியோகத்தை
டயர் தேய்ந்த விதத்திலும் சொல்லலாம்.

கலாநிதி மெற்றில்டா சூசைப்பிள்ளை
அப்போது வெறும் விரிவுரையாளர்.
மல்லாவி, முத்தையன்கட்டு,
ஒட்டுசுட்டானுக்கு அங்கால்
யானைவேலி முடிகிற இடம் வரைக்கும்
கேள்விக்கொத்துக் கட்டுகளோடு போவோம்.
எங்கள் வான் வெள்ளை.
ஒரு கிராமமே படலையைச் சாத்திய பிறகு
வளாகக் கணக்குப் பகுதியோடு மூன்று மாதம் சண்டை பிடித்து
நீலம் அடிப்பித்தார்.
அவர் நடத்திய முதல் கருத்துக்கணிப்பு
அதுதான் என்பேன் நான்.

நீலத்துக்கும் சனம் ஒளித்தது.
கிழமைக் கடன் தண்ட வருகிறவனின்
மோட்டார் சைக்கிளும் நீலம்.

"உங்கள் இன்றைய வாழ்க்கை நிலை குறித்து நீங்கள்…"
ஒன்று மிகவும் திருப்தி, இரண்டு திருப்தி,
ஐந்து வரைக்கும் இறங்கும் படி.
கௌப்பி உடைத்துக்கொண்டிருந்தவ
தலை நிமிராமல் சொன்னா:
பரவாயில்லை.
மாணவனின் பென்சில் நின்றது.
"இதுக்கு என்ன இலக்கம், மிஸ்?"

கொழும்பு நிறுவனம் இரண்டு போடச் சொன்னது.
போட்டார்கள்.
வழவழத்த தாளில் அறிக்கை வந்தது:
வன்னியில் நூற்றுக்கு எழுபத்தொருபேர் திருப்தி.
அதை அவர் வானுக்குள் இரண்டு தரம் வாசித்துவிட்டு
"திருப்புங்கோ" என்றார்.

அதே நானூற்றுப் பன்னிரண்டு வீடு.
ஒரே ஒரு கேள்வி.
பரவாயில்லை எண்டால் என்ன?
"முந்தி இருந்ததுக்கு."
"நீங்கள் கேட்டதுக்குச் சொன்னது."
"மழை பெய்யட்டும், பிறகு சொல்லுறன்."
"இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."
ஒருவர் மட்டும்
'வீட்டில் எத்தனை பேர்' என்ற முன்கேள்விக்குத் திரும்பிப் போனார்.
அங்கேயே நின்றுவிட்டார்.

அதற்குப் பிறகுதான் ஆறாம் இலக்கம் வந்தது.
மாணவர்கள் அதை ஆறாதது என்று பகிடி பண்ண
பகிடியும் அடிக்குறிப்பில் ஏறியது.
வெளிநாட்டில் அச்சானது. பேராசிரியர் ஆனார்.
கேட்கத் தெரிந்தவரைக் கையெழுத்துப் போட இருத்தினார்கள்:
பீடாதிபதி, பிறகு வளாக முதல்வர்.

முதல்வருக்குக் கார். வீதிக்குத் தார்.
பின்சீற்றில் கோப்புகள்.
விடுதிக் கிணற்றில் கல்சியம்,
குளியலறையில் புடையன்,
எண்பது வீதம் வரவில்லாதவனின் மாமா.
விடியப்புறம் மூன்று மணிக்குக் கொழும்புக் கூட்டம்;
மதவாச்சி தாண்டும்போது
வாய் திறந்தபடி உறங்குவார்,
கண்ணாடியில் தெரியும். பார்க்காமல் ஓட்டுவேன்.
கருத்துப் பெட்டி ஒன்று வைப்பித்தார்.
திறக்க நேரமில்லை.
திறந்தபோது குளவி.

தண்ணீர் கேட்டு மாணவர்
ஒன்பது நாள் வாசலைப் பூட்டிய கிழமை
அமைச்சிலிருந்து அழைப்பு.
அங்கே நிலைமை எப்படி?
"பரவாயில்லை, சேர்."

தொலைபேசியை மடியில் வைத்தார்.
புளியங்குளம் வரைக்கும் பேச்சில்லை.
பிறகு, யன்னலைப் பார்த்து,
"நானும் இரண்டு போட்டிட்டன், என்ன?"
முன்னால் எருமைக் கூட்டம். பிறேக் பிடித்தேன்.
மறுமொழி சொல்ல
அது போதுமான சாட்டாக இருந்தது.

அடுத்த நாள் வாசலுக்குப் போய்
பூட்டுக்கு வெளியே கதிரை போட்டு இருந்தார்,
கையில் பென்சில்.
பையன்கள் நம்பவில்லை. இரண்டு பேர் நம்பினார்கள்.
தண்ணீர் வர மேலும் ஒரு வருடம் சென்றது.

ஓய்வுபெற்ற அன்று பொன்னாடை, பித்தளை விளக்கு,
எட்டுப் பேச்சு.
ஒன்றிலும் கௌப்பி இல்லை.
முருங்கனில் வீட்டடியில் இறங்கியவர் கேட்டார்,
இத்தனை வருடத்தில் முதல் தரம்:
"கதிரமலை, உங்கட பாடு எப்படி?"
நானூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும்
மரத்துக்குக் கீழ் நின்றவன் நான்.
வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு
"கிளச் கொஞ்சம் பிடிக்குது" என்றேன்.

அந்த வான் இப்போது பண்ணைக்குக் கோழித்தீன் ஏற்றுகிறது.
கதவடியில் நீலம் உரிகிறது,
உள்ளே பழைய வெள்ளை.