இடப்பக்கம் என்றுதான் சொன்னேன்

நாற்பதில் இல்லை. ஐம்பதில் தொடங்கும்.
எழுபதில் அது
தூரத்தில் யாரோ மா அரைக்கிற மில்.
எண்பதுக்கு மேல் மிதிக்கக் கொழும்பில் வீதி ஏது,
கட்டுநாயக்க நெடுஞ்சாலையில் ஏறித்தான்
அதன் முழுத் தொண்டையையும் கேட்டேன்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மஸ்டா. இரண்டே இருக்கை.
மூடித் திறக்கும் முகவிளக்குகளில்
வலது கொஞ்சம் பிந்தித்தான் விழிக்கும்.
கூரையை மடித்தால்
பேலியகொடை மீன்சந்தை முழுதும்
மடியில் வந்து உட்காரும்.

காது பார்ப்பது என் தொழில்.
பம்பலப்பிட்டியில், சத்தம் புகாத பெட்டிக்குள்
ஆட்களை இருத்தி
எந்தப் பக்கம் கேட்குதோ அந்தக் கையை
உயர்த்துங்கோ என்பேன்.
அதனால் யோசிக்காமல் சொன்னேன்:
இடது பின் சில்லு.

அன்ரன் ஜாக் போட்டான்.
மேலும் கீழும் பிடித்து ஆட்டினோம்.
அசைந்த மாதிரியும் இருந்தது, அசையாத மாதிரியும்.
அசைந்தது என்று நான் தீர்ப்பு எழுதினேன்.

பஞ்சிகாவத்தையில் நாலாவது கடை.
"ஒண்டா, ரெண்டா?" என்றார் மஹ்ரூப்.
"ஒண்டு."
"மத்ததுக்கும் இதே வயசுதானே மிஸ்."
வியாபாரப் பேச்சு என்று நினைத்து
ஒன்றுக்கே காசை எண்ணி வைத்தேன்.

பிறகு அந்த நீள ஆணி.
முப்பது வருடக் கடல்காற்று
அதை உள்ளே வைத்து ஒட்டியிருந்தது.
எண்ணெய் விட்டோம், காய்ச்சினோம், அடித்தோம்,
அன்ரன் அதன் தாயை ஏசினான்,
மேல்வீட்டு திருமதி ஹேவகே ஜன்னலைச் சாத்தினார்.
இரண்டாம் நாள் பின்னேரம்
ஒன்றுமே நடக்காத மாதிரி வெளியே வந்தது.

புது பெயாரிங் ஓர் இரவு முழுக்க
ஃபிரீசரில், பாரைத் துண்டுக்குப் பக்கத்தில்,
இரண்டு பொலித்தீனுக்குள்.
அது குந்தப்போகும் இரும்பு வீடு
மொட்டைமாடி வெயிலில்.
ஒன்று சுருங்க, ஒன்று விரிய,
இரண்டையும் துணியில் சுற்றி
ஓட்டோவில் கிராண்ட்பாஸுக்கு ஓடினோம்.

சுனேத்ராவின் லேத் கடை.
இருபது தொன் பிரெஸ்ஸின் கைப்பிடியை
தையல் மெஷின் சுற்றுவதுபோலத்தான் இயக்குவாள்.
பழையது வெளியேறும்போது துப்பாக்கி மாதிரி வெடித்தது;
வாசலில் படுத்திருந்த நாய்
தலையைக்கூடத் தூக்கவில்லை.
உள்வளையம் மட்டும் விடமாட்டேன் என்று
ஹப்பில் தொங்கியது. கிரைண்டரால் அறுத்தாள்.
புதியது இறங்கியபோது சத்தமே இல்லை,
வெண்ணெயில் கத்தி.

பூட்டினோம். கழுவினோம். நெடுஞ்சாலை ஏறினோம்.
ஐம்பது.
அறுபது.
எழுபதில்
மில்காரன் மா அரைக்கத் தொடங்கினான்.

அன்ரன் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் சொல்லாமல் விட்டது
ஜா-எலவரைக்கும் கேட்டது.

சுனேத்ரா ஒரேயொரு கேள்விதான் கேட்டாள்,
எங்கள் தமிழையும் தன் சிங்களத்தையும் கலந்து:
எந்தப் பக்கம் வெட்டினால் கூடக் கத்துது?
இடப்பக்கம் வெட்டினால், என்றேன்.
சொல்லி முடிக்க முதலே விளங்கிவிட்டது.
இடப்பக்கம் வெட்டினால் பாரம் வலப்பக்கம் சாயும்.
பாரம் சுமக்கிறதுதான் கத்தும்.

அறுத்த இடது பெயாரிங்கைத்
தகர டப்பாவிலிருந்து எடுத்துத் துடைத்தேன்.
குண்டுகள் கண்ணாடி. ஒரு கீறல் இல்லை.
இன்னும் பத்து வருடம் பேசாமல் ஓடியிருக்கும்.

வலது, கழற்றியபோது
விரலில் உப்பும் மணலும்போல் உருண்டது,
கிறீஸ் கருகிக் கோப்பித்தூளாகியிருந்தது.
இந்த முறை நீள ஆணி கேட்டதும் வந்தது.
மஹ்ரூப் விலையில் ஐந்நூறு கூட்டினார்.
நான் பேரம் பேசவில்லை.

திங்கட்கிழமை ஒரு கிழவர் பெட்டிக்குள் இருந்து
இடது காதில் அடித்த மணிக்கு
வலது கையை உயர்த்தினார்.
சரி ஐயா, இன்னொருக்கா, என்றேன்.

அன்றிரவு திரும்பவும் நெடுஞ்சாலை.
தொண்ணூறில் கார் ஒரு கோயில்.
டாங்கியில் பெற்றோல் அலைவது கேட்டது,
அன்ரனின் மூக்கில் மெல்லிய விசில் கேட்டது,
பிறகு, முதுகுக்குப் பின்னால் எங்கேயோ,
டிக்.
கொஞ்சம் பொறுத்து, டிக்.

"கேட்டதா?" என்றான். "எந்தப் பக்கம்?"

கூரையை மடி, என்றேன்.