மண் பதினொன்று

பெயிண்ட் அடித்தவர்கள் விட்டுப் போன வாளி பதினொன்று.
கம்பியைச் சூடாக்கி அடியில் ஏழேழு துளை போட்டேன்.
புகைக்குத் தும்மல் வந்தது.
"இத்தனை ஓட்டை போட்டா வாளி எதுக்கு?" என்றான் குழந்தைவேல்.

முதல் வருடம் வெறும் செம்மண்.
பெருமாநல்லூர் பக்கம் அஸ்திவாரம் தோண்டிய இடத்தில்
நாலு சாக்கு, இனாம்.
தரையில் கிடந்தவரை நல்ல மண்தான்.
வாளிக்குள் வந்ததும் இறுகிச் செங்கல்லாகிவிட்டது.
ஊற்றிய தண்ணீர் இறங்காமல்
மேலேயே நின்று வானம் பார்த்தது.
வேருக்கும் மூச்சு வேண்டும் என்று
கத்தரி செத்த பிறகுதான் புரிந்தது.

அப்போதுதான் வீட்டுக்காரர் சாமியப்பன் படியேறி வந்தார்.
"ஏனுங்க, மாடி தாங்குமாங்க இது?"
நியாயமான கேள்வி.
ஒரு வாளியை ஸ்கூட்டியில் வைத்துக் கம்பெனிக்குக் கொண்டுபோய்
கட்டிங் வேஸ்ட் போடும் தராசில் நிறுத்தேன்.
நனைந்த மண், முப்பத்திரண்டு கிலோ.
பனியனாக எண்ணினால் இருநூறு உருப்படி
ஒரு செத்த கத்தரிக்கு.

பொள்ளாச்சி மஞ்சி மில்லிலிருந்து
தேங்காய் நார்த்தூள் கட்டி ஒன்று வாங்கினோம், ஐந்து கிலோ.
தண்ணீர் பட்டதும் பொங்கிப் பொங்கிக்
குளியல் தொட்டி நிறைந்து வழிந்தது.
பிழிந்த தண்ணீர் கடுந்தேநீர் நிறம்.
நாக்கில் தொட்டால் உப்பு.
சாயப்பட்டறையில் பதினாறு வருடம் நின்ற குழந்தைவேல்
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்:
"சாயம் போற வரைக்கும் அலசோணும், வேறென்ன?"
நாலாவது அலசலில் தண்ணீர் தெளிந்தது.

மூணு பங்கு அது, ரெண்டு பங்கு செம்மண்,
ரெண்டு பங்கு மக்கிய சாணம், ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு.
தராசு சொன்னது: பதினேழு.
சாமியப்பனிடம் சீட்டைக் காட்டினேன்.
படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

பல்லடத்துக் கோழி எருவை ஆறப் போடாமல் அள்ளி வைத்தது என் அவசரம்.
மூன்றாம் நாள் மிளகாய் இலையெல்லாம் ஓரம் கருகி
அயர்ன் டேபிளில் மறந்த காலர் மாதிரி.
சாணமோ எருவோ, உள்ளே கை விட்டால் சுடக் கூடாது.
மூக்கில் நாற்றம் போய் மழை வாசம் வரவேண்டும்.
அதற்கு மாதக்கணக்கு ஆகும்,
எனக்கோ சம்பளமே வாரக்கணக்கு.

பேக்கிங் ரெஜினா ஒரு பொட்டலம் யூரியா தந்தாள்.
தக்காளி என் தோளுக்கு வளர்ந்தது,
பையர் வரும் நாளில் கம்பெனி வாசல் போலப்
பச்சைப் பசேலென்று.
உள்ளே ஆர்டர் இல்லை. ஒரு பூ இல்லை.
பிறகு சாம்பலும் ஊறிய எலும்புத் தூளும் போட்டு
யூரியாவை நிறுத்தினேன். பூத்தது.

பூத்துக் காய்த்த தக்காளி அடிப்பக்கம் கறுத்து அழுகியது.
பூச்சி என்றார்கள். மருந்து அடிக்கச் சொன்னார்கள்.
பூச்சி இல்லை. ஷிப்மெண்ட்.
ஓவர்டைம் வாரம் முழுக்க வாளி காயும்,
ஞாயிற்றுக்கிழமை வெள்ளம்.
பட்டினியும் விருந்துமாய் இருந்தால்
சுண்ணாம்புச் சத்து காய்க்கு எப்படிப் போய்ச் சேரும்?
சாயம் ஏறாத வெள்ளைத் துண்டுத் துணி,
வேஸ்ட் மூட்டையிலிருந்து ஒரு முழம்.
ஒரு முனை தண்ணீர் பாட்டிலில், ஒரு முனை மண்ணில்.
நான் ஓவர்லாக்கில் இருக்கும் நேரமெல்லாம்
அது சொட்டுச் சொட்டாய் இழுத்துக் கொடுத்தது.

உப்புத் தண்ணி ஊற்றிய வாளி விளிம்பில் வெள்ளைக் கோடு படியும்.
ஆத்துத் தண்ணி வரும் நாளில்
அடித்துளை வழியே வழிகிற அளவு ஊற்றிக் கழுவிவிடுவேன்.

தை பிறந்ததும் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார் சாமியப்பன்.
மாடி மேல் இன்னொரு மாடி எடுக்கிறாராம்.
தாங்குமாங்க என்று நான் கேட்கவில்லை.
செடிகளைப் பறித்து மண்ணை ரெண்டு நாள் வெயிலில் காயவைத்தேன்.
மறுபடி வாளியில் நிரப்பி வாய் கட்டினேன்.

சாமான் சீட்டில் குழந்தைவேல் எழுதினான்:
கட்டில் ஒன்று, பீரோ ஒன்று, மிஷின் ஒன்று,
மண் பதினொன்று.

டெம்போக்காரன் தலையைச் சொறிந்தான்.
"லோடு எச்சுங்கக்கா. முன்னூறு சேத்திக் குடுங்க."
"காஞ்ச மண்ணுதானுங்க," என்றேன்.
"ஒண்ணு பத்துக் கிலோகூட வராது. தூக்கிப் பாருங்க."