துறக்கருது

ஐப்பசிக் கடைசியில் ஷைனி அயர்லாந்துக்குப் போனாள்,
நர்ஸ் வேலை.
கட்டில், மிக்ஸி, கோழிக்கூடு எல்லாம் விலைபோன பிறகு
தேன்பெட்டி மிஞ்சியது.
நாலு கால்; காலுக்கு ஒரு சிரட்டை;
சிரட்டையில் எறும்புக்குத் தண்ணீர்.
"பவுன்ராஜேட்டா, இது நிங்கள் எடுத்தோ" என்றாள்.
கம்பம்மெட்டு எடைமேடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு
நேரம் கிடக்கும் என்று நினைத்திருப்பாள்.

கூடவே ஒரு நோட்டு, முழுக்க மலையாளம்.
பஸ் பலகை படிக்கிற அளவுக்குத்தான்
எனக்கு அந்த எழுத்து.
முதல் பக்கத்தில் சிவப்பு மையில், இரண்டு அடிக்கோடு போட்டு:
தணுப்பில் துறக்கருது.

எழுத்துக் கூட்டினேன்.
குளிரில் துறக்கக் கருது.
கார்த்திகை பிறந்திருந்தது. ரோடு நிறையக்
கறுப்பு வேட்டி, இருமுடி, சரணம்.
பெந்தெகொஸ்துக்காரி எதைத் துறக்கச் சொல்கிறாள் என்று
ஒரு நாள் பூரா யோசித்து
பீடியை விட்டேன்.

பீடியை விட்டேன், பெட்டியை விடவில்லை.
காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம்
மூடியைத் தூக்கி
ராணி இருக்கிறாளா, முட்டை இருக்கிறதா,
இருக்கிறீர்களா, இருக்கிறீர்களா என்று பார்த்தேன்.
புதுசாய்த் தாலி கட்டினவன் மாதிரி என்று
லோடுமேன் குரியாச்சன் சிரித்தார்.

மார்கழி எட்டு.
வாசல் பலகையில் வெள்ளைப் புழுக்கள், வெந்த அரிசி போல.
உள்ளிருந்து இழுத்து வந்து போட்டிருந்தன.
பதினேழு.
கணக்கு எடுப்பது என் பிழைப்பு, அதனால் எண்ணினேன்.

சீட்டுக்குக் காத்து நின்ற நெடுங்கண்டம் லாரிக்காரர்
மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து
நோட்டைத் தலைகீழாகவே படித்துவிட்டார்.
"குளிர்ல தொறக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு.
மூடியை. அவ்வளவுதான்."

அவ்வளவுதான்.
ஒரு 'கூடாது' எனக்குக் 'கருது' ஆகியிருந்தது.
குஞ்சுகளை ஒட்டிப் போர்த்திக் கிடந்த
அத்தனை சின்ன உடம்புகளின் சூட்டை
ஒரு நாளைக்கு இரண்டு தரம்
நானே மலைக்குத் திறந்துவிட்டிருக்கிறேன்.

அதற்கப்புறம் திறக்கவில்லை.
சாக்கை மடித்துமேலே போட்டு, செங்கல் வைத்தேன்.
வாசலை இரண்டு ஈ போகிற அளவுக்கு அடைத்தேன்.
ஒன்றுக்கு ஒன்று காய்ச்சிய சீனித்தண்ணீர்
வாசலோரம் பாட்டிலில் கவிழ்ந்து நின்றது.

திறக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?
வாரமெல்லாம் இருபது டன், முப்பது டன்;
லாரி ஏறி நிற்கும், பச்சை எண்கள் ஓடி நிற்கும்,
காலி வண்டியைக் கழித்தால் சரக்கு.
இங்கே, ஞாயிற்றுக்கிழமைகளில்,
பெட்டியின் பின்பக்கத்தை இரண்டு விரலால்
ஒரு விரற்கடை தூக்குவேன்.
மரத்தைக் கழி. செங்கல்லைக் கழி.
சாக்கில் ஊறிய பனியைக் கழி.
மிச்சம்?
சீட்டு வராது.

ஒரு ஞாயிறு ரொம்ப லேசாக எழும்பியது.
காதை வைத்தேன். ஒன்றுமில்லை.
மறு காதை வைத்தேன்.
தூரத்தில் லாரி மலையேறுகிறதா, உள்ளேயா,
பிரித்துச் சொல்ல முடியாத ஒரு முனகல்.
நிமிர்ந்து பார்த்தேன்.
ரோட்டில் லாரி இல்லை.

தை பாதி.
காப்பிச் செடிகளில் தீக்குச்சி முனை அளவில்
பச்சை மொட்டுகள் மழைக்கு நிற்கின்றன.
ஒரு மழை போதும் என்கிறார்கள், ஒரே ராத்திரியில் சரிவு வெளுத்துவிடுமாம்.
நேற்றுத் தூக்கினேன்.
கூடியிருக்கிறது, கால் கிலோவுக்கு உள்ளே;
இல்லாவிட்டால் விரல் விறைத்து
என் பலம் அந்த அளவு குறைந்திருக்கிறது.

மழை இன்னும் இல்லை.
அடுத்த கிலோ சீனியை அடுப்பில் ஏற்றியிருக்கிறேன்.
நெருப்பைப் பார்த்தால் பீடி நினைப்பு வருகிறது.
அதை மட்டும்
தப்பாய்ப் படித்த மாதிரியே
வைத்துக்கொண்டிருக்கிறேன்.