எத்தனையாம் எண் கூண்டு

புயலென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.
துறைமுகக் கம்பத்தில் மூன்றாம் எண் ஏறினால்
படகை இழுத்துக் கட்டுவோம்.
எட்டு ஏறினால்
பாயும் ரேஷன் கார்டுமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போவோம்.
பத்து ஏறியதாகச் சொல்கிறார்கள் ஒரு வருடம்,
நான் பார்க்கவில்லை,
கட்டிலுக்கடியில் இருந்தேன்.

வங்கிக்குக் கூண்டு கிடையாது.
செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு
ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.
குனிந்து பார்த்தோம்.
மேலாளரின் செருப்பு மட்டும்
உள்ளே நடந்துகொண்டே இருந்தது.

டெல்லியில் ஒன்று, பம்பாயில் இரண்டு
விழுந்துவிட்டதாக டிவியில் ஓடியபோது
அது யாருடைய பணமோ என்றிருந்தோம்.

பதினோரு வருடமாகக் கடலூர் முதுநகரில்
கடை கடையாய் ஏறி இறங்கி
இருபது, ஐம்பது, நூறு என்று
தினச் சேமிப்பு வசூலிக்கிறவள் நான்.
கையிலிருக்கும் மிஷின் ஒரு சீட்டைத் துப்பும்.
ஒருவரும் படித்ததில்லை.
தணிகாசலம் அதில் பஞ்சர் பசையைத் துடைப்பார்.
ருக்கையா ஊசி குத்தி வைப்பாள்.
"நீ போட்டா சரிதான் போ."
அவர்கள் பணம் போட்டது வங்கியில் இல்லை,
என் முகத்தில்.

ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு,
பயப்படத் தேவையில்லை என்று
ஷட்டரில் தாள் ஒட்டினார்கள்.
அஞ்சலாட்சி என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.
"என்னுது நாப்பத்தோராயிரம்.
வரும்னா வரட்டும்.
நாளைக்குக் காலைல ஐஸ் வாங்கணுமே,
அதுக்குத் தாள்ல என்ன போட்டிருக்கு?"

ஒன்றும் போட்டிருக்கவில்லை.

இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும்.
அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை
காசாளர் தம்பி நோட்டை எண்ணியபடியே,
தலை நிமிராமல்,
"அக்கா, உங்களுதை எடுத்துடுங்க" என்றான்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் தெரிந்துவிடும்.
மகளின் நர்சிங் படிப்புக்கு வைத்திருந்த
ஒரு லட்சத்து எண்பதாயிரத்தை
முதிர்வுக்கு முன்னால் உடைத்து,
வட்டி போனால் போகட்டும் என்று
மதியச் சாப்பாட்டு டப்பாவில் அடைத்து
உப்பனாற்றுப் பாலம் தாண்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
அரிசி டிரம்மின் அடியில் வைத்து
மேலே இருபது கிலோ பொன்னி கொட்டினேன்.

மறுநாள் சனிக்கிழமை.
வசூலுக்குப் போகாவிட்டால் சந்தேகப்படுவார்களே என்று
போனேன்.
சிரித்தேன்.
தணிகாசலம் வழக்கமான ஐம்பதோடு
பேரன் காதுகுத்துக்கென்று இருநூறு சேர்த்துக் கொடுத்தார்.
வாங்கினேன்.
மிஷின் சீட்டைத் துப்பியது.

திங்களும் வசூலித்தேன்.
ஆனால் இரண்டு நாள் பணத்தை
வங்கியில் கட்டக் கை போகவில்லை.
விதிப்படி அது திருட்டு.
எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்,
பையில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.
தூங்கினேன் என்பது பொய்.

புதன்கிழமை அதே தெருவில் தலைகீழாக நடந்தேன்,
வாங்கிய வரிசைக்கு எதிர்வரிசையில்,
கொடுத்துக்கொண்டே.
பதினோரு வருடத்தில் இரண்டு நாளை மட்டும்
திருப்பிக் கொடுக்க முடிந்தது.
ருக்கையா எண்ணாமல் வாங்கி
"அல்லா உன்னை நல்லா வைப்பான்" என்றாள்.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

மீன் ஏலக்கூடத்தில் அஞ்சலாட்சி
நூறு ரூபாயை விரித்து வெளிச்சத்தில் பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள், அதே மாதிரி.
"உன்னுது?"
எடுத்துவிட்டேன் என்றேன்.
"எப்ப?"
வெள்ளிக்கிழமை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு சட்டி ஐஸை அள்ளி
வஞ்சிரத்தின் மேல் போட்டாள்.
இன்னொரு சட்டி.
அதற்குள் வாடிக்கை வந்தது, விலை சொன்னாள்.
நான் நின்றுகொண்டிருந்த இடத்தில்
யாரும் நிற்காதது மாதிரி தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

வெளியே வந்தேன்.
துறைமுகக் கம்பம் வெறுமையாக இருந்தது,
வானம் சுத்தமாக.
வெள்ளிக்கிழமையே எனக்கு எண் தெரியும்.
கயிறும் என் கையில்தான் இருந்தது.

மகளுக்குக் கல்லூரியில் ஜூலை பத்துக்குள் கட்டவேண்டும்.
கட்டிவிடுவேன்.
அரிசி அளக்கும்போது
படி இன்னும் அடிவரை இறங்கவில்லை.