நூற்று நாற்பத்திரண்டாம் பக்கம்

டெவென்டரில், ஆற்றங்கரை நெடுகப் புத்தக மேசைகள் போடும் ஞாயிறு.
சீப்ரன் தன் மேசைக்கடியில், வாழைப்பழப் பெட்டிக்குள்
எனக்கென்று ஒளித்து வைத்திருந்தான் இதை:
தேனீக்களைப் பற்றி ஒரு பாதிரி எழுதியது,
1781, முதற்பதிப்பு, கன்றுத்தோல் அட்டை,
முதுகில் எலி ருசிபார்த்த ஓர் அங்குலம்.
முந்நூற்று இருபது யூரோ என்றான்.
தூறல் விழுந்தது. இருநூற்று அறுபதுக்குப் படிந்தான்.

முப்பத்தொரு வருடம் மதகுப் பாலம் இயக்கியவள் நான்.
எந்தப் படகு, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் என்று
பேரேட்டில் எழுதிப் பழகிய கை.
புத்தகத்தையும் அப்படித்தான் பார்க்க வருகிறது:
யார் கையிலிருந்து யார் கைக்கு.

முதல் தாளில் ஃபொல்கர்ட் ரின்ஸ்மா.
அவருடைய இரும்பு மை தாளையே அரித்திருக்கிறது.
ஸ்வொல்ல ஆவணக் காப்பகத்தில் அவர் உயில் கிடைத்தது:
இரண்டு பசு, ஒரு வெள்ளிக் கரண்டி, இதர நூல்கள்.
அந்த 'இதர'வுக்குள் உட்கார்ந்திருக்கிறது என் புத்தகம்.

அடுத்த கோட்டில் ஒரு கணவன் பெயர்.
அதை அடித்துவிட்டு மேலே அலெய்டா தெர் ஹோர்ஸ்ட்.
ஏன் அடித்தாள்?
மூன்று மாதம் தேடினேன்; கிடைக்கவில்லை.

உள்ளட்டையில் மருந்துக்கடைக்காரர் ஒருவரின் உரிமைச்சீட்டு,
லத்தீனில் கொஞ்சம் பெருமையோடு.
நீராவி காட்டி உரித்தேன் (தப்புதான்),
கீழே இன்னொருவர் சீட்டு.
பிறகு, மூடிப்போன பள்ளியொன்றின் ஊதா முத்திரை.
பிறகு, கத்தியால் சுரண்டிய ஒரு பெயர்.
புற ஊதா விளக்கில் அதன் கடைசி மூன்று எழுத்து மட்டும்
மீன்முள் போல எழுந்து வந்தது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியதில்
பள்ளியையும் சேர்த்து ஏழு உரிமையாளர்கள்.
ஒருவரும் தேனீ வளர்த்ததாகத் தெரியவில்லை.

போன வியாழன் இரவுதான் கவனித்தேன்:
பைண்டரின் கத்தி தவறவிட்ட ஒரு மடிப்பு.
இரண்டு தாள்கள் ஓரத்தில் ஒட்டியே பிறந்து, ஒட்டியே கிழடாகி,
142, 143 இரண்டையும் உள்ளே மூடி வைத்திருந்தன.
ஏழு பேரும் 141-லிருந்து 144-க்குத் தாவியிருக்கிறார்கள்,
நடுவாக்கியத்தில், தடுக்கிக்கூட விழாமல்.

சிரித்தேன்.
இவர்களைத் தேடியா இத்தனை ரயில் ஏறினேன்?

காகிதக் கத்தி பக்கத்திலேயே இருந்தது.
வெட்டினால் விலை இறங்கும் என்பான் சீப்ரன்.
வெட்டாவிட்டால் நான் எட்டாவது ஆள்.
மடிப்பைக் குழாய் போல விரித்து
பல் மருத்துவர் மாதிரி டார்ச் அடித்துப் பார்த்தேன்.

ஒரு துளி மெழுகு.
நல்ல மெழுகல்ல, மலிவான கொழுப்புத் திரி,
சுற்றிலும் எண்ணெய் வளையம்.
அதை ஒட்டி, மேலிருந்து பென்சிலை நுழைத்து எழுதியதால்
தலைகீழாக, எழுத்தெழுத்தாய் நின்று நின்று நடந்த ஒரு கை.
இலையுதிர்காலத்தில் ஆண் ஈக்கள்
தாமாகவே கூட்டைவிட்டுப் போகின்றன என்கிறார் பாதிரி.
ஓரத்தில்:
'போவதில்லை. இழுத்து வெளியே போடுகின்றன. பார்த்தேன்.'

கத்தி வைக்க உரிமை இல்லாதவர்தான்
இப்படிப் படித்திருக்க முடியும்.

என் பட்டியலில் எட்டாம் வரி காலியாக இருந்தது.
அங்கே என் பெயரை எழுதுவதாகத்தான் எண்ணம்.
இப்போது இருப்பது: கொழுப்பு மெழுகு, ப. 142.

செப்டம்பர் முடியப்போகிறது.
பழைய மதகுக்கு அப்பால் யாரோ தேன்பெட்டிகள் வைத்திருக்கிறார்கள்.
நாளை சைக்கிளில் போகிறேன்,
காலையிலேயே,
பெட்டிக்கு முன்னால் தரையில் என்ன கிடக்கிறது என்று பார்க்க.