தாமதப் பதிவேடு

திட்டப்பணிக்காகக் கணக்கெடுப்பாம்.
முந்நூறு பேரிடம் கேட்டிருக்கிறார்கள்,
காவல் கூண்டில் இருப்பவளிடம் கேட்கவில்லை.
மழைக்கு ஒதுங்கிய கெசியா கோ
ஒரு படிவத்தை என் மேசையில் மறந்துவிட்டுப் போனாள்.

‘நம் கல்லூரியைப் பற்றி வெளியில் சொல்வது:
பணக்காரப் பிள்ளைகள். பக்திப் பழங்கள்.
ஆங்கிலத்தைத் தவிர எதுவும் வாயில் நுழையாது.
உண்மையோடு பொருந்துகிறதா?
ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிடுக.’

பேனா கையிலேயே இருந்தது.
காலை ஏழரைக்குக் கொடி ஏறியதும்
புக்கிட் தீமா சாலையைப் பார்த்த இந்தக் கதவு
என் பொறுப்பு.
பெயர், வகுப்பு, நேரம், காரணம்:
நாலு கட்டம் போட்ட நோட்டுக்குள்
எனக்குத் தெரிந்த கல்லூரி அடங்கிவிடும்.

‘எல்லாம் அட்டாஸ் கூட்டம்’ என்பாள் என் மகள்.
இரண்டு புள்ளியில் இங்கே இடம் தவறி
பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போனவள்.
‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்றால்
‘தெரியாமல் என்ன?’ என்று நூடுல்ஸைக் கிளறுவாள்.
கொஞ்சம் வயிற்றெரிச்சல்.
என்னிடமும் இருந்தது, முதல் மாதம்.

ஜோவாக்கிமை எடுத்துக்கொள்வோம்.
வெள்ளை பென்ஸ். குடை பிடிக்க டிரைவர்.
நான் நீட்டும் பேனாவைத் தொடமாட்டான்,
தன் பேனாவை எடுத்துத்தான் கையெழுத்து.
‘ஆன்ட்டி, இந்தியாவில் எந்த ஊர்?’ என்று கேட்டான்.
‘ஈசூன்’ என்றேன்.
தலையாட்டினான், ஏதோ மதுரைக்குப் பக்கம் போல.
ஊர் சொல்வது அச்சு அசலாகப் பொருந்துகிறது.
பொய் சொல்வானேன், ஐந்து.

ஆனால் இன்னொரு கார்
ஒரு பேருந்து நிறுத்தம் முன்னாலேயே நின்றுவிடும்.
கண்ணாடியில் வாடகை வண்டி வில்லை.
இறங்குகிற பெண், அப்பாவின் கார் திரும்பி மறையும்வரை
காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே இருப்பாள்.
ஒருநாள் நிமிர்ந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்தாள்.
நான் அங்சானா மரத்தைப் பார்த்துக்கொண்டேன்.
அவளுக்கு என்ன எண் போட?

பக்தி.
புதன்தோறும் சிற்றாலயத்தில் ஆராதனை.
பாஸ்டர் மகன் மைக்கா, புதன்தோறும்,
கடைசி ஆமென் அடங்கிய பிறகே வருவான்.
காரணம்: வயிற்றுவலி.
பதினொரு புதன், பதினொரு வயிற்றுவலி.
பன்னிரண்டாவது வாரம் கட்டத்தை வெறுமையாய் விட்டான்.
நானும் விட்டுவிட்டேன்.
நோன்பு மாதத்தில் நூர் இஸ்ஸாத்திதான்
முதல் ஆளாய் உள்ளே போனாள், தூங்க.
‘அங்கேதான் ஏர்கான் நல்லா இருக்கு, ஆன்ட்டி.’

ஆங்கிலமா?
செம்பவாங் ஹெப்சிபா
என்னிடம் ‘குட் மார்னிங்’ தாண்டியதில்லை.
கைபேசியில் தம்பியைத் திட்டினாளே ஒருநாள்,
‘கழிசடை’ என்று!
அந்த ழகரம் நாக்கில் புரண்டு எழுந்த அழகு.
திரும்பி என்னைக் கண்டதும்
மறுபடி குட் மார்னிங்.
மணி மாலை நாலு.

படிவத்தைத் திருப்பினேன்.
பின்பக்கம் பென்சிலில் ஒரு பட்டியல்:
பணக்காரப் பையன், பாஸ்டர் பிள்ளை,
உபகாரச் சம்பளத்தில் வந்த மலேசியாக்காரன்,
கடைசி வரியில்
‘கேட் ஆன்ட்டி: சிரிக்கவே மாட்டார்.’

சரிதான். ஐந்து.
முன்பல் ஒன்று இல்லை,
கட்ட ஆயிரத்து இருநூறு வெள்ளி கேட்கிறார்கள்
என்பதற்கு அந்தத் தாளில் இடமில்லை.

கோபம் வந்தது.
பதிவேட்டைப் புரட்டினேன்.
கெசியா கோ, ஆறு முறை.
ஆறு முறையும் காரணம்: தூக்கம்.
என் கையெழுத்து.
கசங்கிய சட்டையையும் பாதி மூடிய கண்ணையும் பார்த்து
கேட்காமலே எழுதியது.

வியாழன், ஏழு நாற்பத்தொன்று. வந்தாள்.
படிவத்தைக் கொடுத்தேன், ஒரு வட்டமும் போடாமல்.
‘காரணம்?’ என்றேன்.
கையெழுத்துப் போடக் குனிந்தவள்
திகைத்து நிமிர்ந்து,
மெல்லச் சொல்லத் தொடங்கினாள்.
கட்டம் சின்னது.
ஓரத்தில், அடுத்த பெயருக்கான கோட்டையும் தாண்டி,
இடுக்கி இடுக்கி எழுதிக்கொண்டே இருந்தேன்.